எவரும் இழைக்காத அநீதி

மனிதனுக்கு நேரும் துன்பங்களை இருவகையாகப் பிரித்து நோக்குவது வழக்கம். மழையாலும் மண்சரிவாலும் கடல்கோளாலும் நேர்வன ஒருவகை. மனிதரால் மனிதருக்கு நேர்வன மற்றொரு வகை. முன்னதை இயற்கையின் சீற்றம் என்று கூறி ஆறுதல் அடைகிறோம். பின்னதற்கே அநீதி என்று பெயரிட்டு, அதனை இழைத்தவனைத் தேடுகிறோம். ஆயின், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட துன்பம் ஒன்றும் உண்டு. அது மழை ஓய்ந்த பின்னரே தொடங்குகிறது. வீடிழந்தவன் மீண்டும் ஒரு வீட்டைப் பெறும்பொருட்டு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் ஆண்டுகளில் அது நிகழ்கிறது. அதனை இயற்கைமீது சுமத்த இயலாது. மழை எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஒரு மனிதன்மீது சுமத்துவதும் எளிதன்று. ஒவ்வோர் உத்தியோகத்தரும் தமக்கு விதிக்கப்பட்ட கடமையையே செய்திருப்பர். எவரும் தவறிழைக்காதவிடத்து அநீதி நிகழ முடியுமா? நிகழுமாயின் அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாவம்சத்தில் எல்லாளனைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அவனது படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. அதன் நீண்ட கயிற்றை நீதி வேண்டுவோர் எவரும் வந்து இழுக்கலாம். கன்றை இழந்த பசு அம்மணியை அடித்த கதையை நாம் அனைவரும் அறிவோம். நம் மரபில் அது மனுநீதிச் சோழன்மீது ஏற்றிக் கூறப்படுகிறது. ஆனால் அதே அதிகாரத்தில் நாம் அதிகம் பேசாத வேறொரு கதையும் இருக்கிறது. ஒரு கிழவி வெயிலில் உலர வைத்திருந்த அரிசி, பருவந்தப்பிப் பெய்த மழையில் நனைந்துவிட்டது. அவள் அந்த அரிசியை எடுத்துச் சென்று மணியை இழுத்தாள். அரசன் அவள் முறையீட்டைக் கேட்டு அவளை அனுப்பிவிட்டு, அறம் தவறாத அரசனின் நாட்டில் பருவத்தில்தானே மழை பெய்யவேண்டும் என்று எண்ணி உண்ணாநோன்பு இருந்தான் என்கிறது அந்நூல். அந்த நோன்பின் பயனாக, வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் நள்ளிரவில் மட்டுமே மழை பெய்யலாயிற்று என்று கதை முடிகிறது.

மழைக்கு மன்னன் எவ்வாறு பொறுப்பாவான் என்று இன்றைய அறிவு நகைக்கக்கூடும். வானிலை அறிந்த நாம் அந்த நம்பிக்கையை ஏற்கவேண்டியதில்லை. எனினும் கதையில் நிகழாதவற்றை நோக்குதல் தகும். அரிசி அவளுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்கப்படவில்லை. மழையினாலேயே அது நனைந்தது என்று எவரும் உறுதிப்படுத்தி வரும்படி அவள் அனுப்பப்படவில்லை. இது இயற்கையின் செயல், எமது பிரிவுக்குரியதன்று என்ற பதிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தான் செய்யாத ஒன்றுக்கும் தான் மறுமொழி கூறவேண்டியவன் என்று அதிகாரத்தில் இருந்தவன் கருதினான். பொறுப்பு என்பதன் பொருள் அங்கே நமக்குப் பழக்கமானதிலிருந்து வேறுபட்டு நிற்கிறது.

இத்தகைய கட்டுரையில் சொந்த அனுபவத்தைக் கூறுதல் பொருந்துமா என்று தயங்கினேன். ஆயினும் இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து பிறந்ததன்று. நான் கஹவத்தைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவன். 2017 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பெய்த பெருமழையில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை முதலான மாவட்டங்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கள் லயத்தில் எவரும் இறக்கவில்லை. பின்புறத்து மண்மேடு சரிந்து சுவர்களைப் பிளந்தது. மேலே மலையில் நீண்ட வெடிப்பு ஒன்று தோன்றியது. எல்லாக் குடும்பங்களும் முதலில் பிள்ளைக்காம்பராவிலும், பின்னர் தகரக் கொட்டில்களிலும் குடியேறினோம். எனக்கு அப்போது வயது பதின்மூன்று.

எங்கள் அம்மாயி ஒரு பொலித்தீன் பையில் கடதாசிகளைச் சேர்த்து வைத்திருந்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிரசாவுரிமைச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி அட்டை, பழைய சம்பளச் சீட்டுகள் ஆகியன அதில் இருந்தன. அந்தப் பையுடன் அவர் அலுவலகங்களுக்குச் செல்லும்போது, சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன் என்ற காரணத்தால் நானும் உடன் செல்வேன். ஓர் அலுவலகத்தில், சேதமடைந்த வீட்டின் உரிமையை உறுதிப்படுத்தும் பத்திரம் கேட்டார்கள். லயன் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் கிடையாது என்றபோது, தோட்டத்தில் கடிதம் பெற்று வருமாறு கூறினார்கள். தோட்டத்தில் வதிவுக் கடிதம் தந்தார்கள். ஆனால் கட்டடம் கம்பனியின் பொறுப்பில் உள்ளது, நிலமோ அரசுக்குரியது, ஆகவே மாற்று நிலம் ஒதுக்கக் கொழும்பிலிருந்து அனுமதி வரவேண்டும் என்றார்கள். மண்ணைப் பரிசோதித்தவர்கள் அவ்விடம் குடியிருக்க உகந்ததன்று என எழுதினார்கள். அவ்வறிக்கையுடன் மீண்டும் முதல் அலுவலகத்துக்குச் சென்றோம். வீடு கட்ட நிலம் விடுவிக்கப்பட்டமைக்கான கடிதம் எங்கே என்று கேட்டார்கள். நிலம் விடுவிக்கப்படுவதற்கு வீட்டுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மறுபுறத்தில் கூறப்பட்டது.

இங்கு எவரும் பொய் கூறவில்லை. எவரும் இலஞ்சம் கேட்கவுமில்லை. ஓர் எழுதுவினைஞர் அம்மாயிக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொருவர் கூறியதும் அவரவர் கோவையின்படி சரியானதே. அச்சரிகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் விளைவது, ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் தகரத்தின் கீழ் வாழ்ந்தது என்பதே.

இந்நிலையில் பணிக்குழு ஆட்சியை முற்றாகப் பழித்துரைப்பது எளிது. ஆனால் அது நேர்மையான ஆராய்ச்சியாகாது. ஜேர்மானியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் இவ்வாட்சிமுறையை ஆராய்ந்தபோது, அதன் சிறப்பை ஆள்சாராத் தன்மையில் கண்டார். உத்தியோகத்தன் விருப்பு வெறுப்பின்றி விதியைப் பிரயோகிக்கிறான். முன்னால் நிற்பவன் உறவினனா, செல்வந்தனா என்று நோக்குவதில்லை. இது சிறுமைப்படுத்தத்தக்க இலட்சியமன்று. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர். துரையின் மனநிலையையும் தலைவரின் தயவையும் நம்பி ஒரு தகரத்தையோ ஒரு சீமெந்து மூடையையோ பெறவேண்டியிருந்த காலத்தை எங்கள் பெற்றோர் அறிவர். விதி இல்லாதவிடத்தில் வலியவனின் விருப்பமே விதியாகிவிடுகிறது. ஆகவே, கடதாசிகளை வீசிவிட்டு உள்ளத்தின் இரக்கத்தால் மட்டும் வீடுகளைப் பகிர்ந்தளியுங்கள் என்று நான் வாதிட முன்வரவில்லை. அவ்வாறு பகிர்ந்தால் தகரக் கொட்டிலில் இருப்பவளுக்கு வீடு கிட்டும் வாய்ப்பு இன்னும் குறையும்.

அப்படியாயின் தவறு எங்கே உள்ளது? விதி எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்ற எடுகோளிலேயே அது உள்ளது என்பது என் கருத்து. 'உறுதிப்பத்திரத்தைக் காட்டுக' என்ற விதி கிராமத்தவனுக்கும் தோட்டத்தவனுக்கும் ஒன்றே. எங்கள் தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் வாழ்ந்த சிங்களக் குடும்பமொன்றின் வீடும் அதே மழையில் சேதமடைந்தது. அவர்களும் காத்திருந்தார்கள், துன்பம் அவர்களுக்கும் குறைவன்று. எனினும் காட்டுவதற்கு ஒரு காணிப்பத்திரம் அவர்களிடம் இருந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தொடக்கம் நிலமற்ற கிராமத்தவருக்கு அரச காணி வழங்கும் வழி ஒன்று இந்நாட்டில் திறந்திருந்தது. லயத்தில் வாழ்ந்தவர்களை நோக்கி அவ்வழி திரும்பவில்லை.

அவர்கள் ஏன் பத்திரமற்றவர்களாயினர் என்பதை வரலாறு கூறும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குப் பெருமளவில் முடிவு காணப்பட்டது. இதற்கிடையே, 1972 இலும் 1975 இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் வெள்ளையரிடமிருந்து அரசுக்கும், அரசிடமிருந்து குத்தகைக்காரருக்கும் கைமாறியபோதெல்லாம், அதன்மேல் வாழ்ந்தவர்களும் லயங்களோடு சேர்ந்தே கைமாறினார்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, 2018 இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. ஆகவே அம்மாயியிடம் உறுதிப்பத்திரம் இல்லாமற்போனது அவரது கவனக்குறைவாலன்று. பத்திரத்தை வழங்கும் அதிகாரம் எவரிடம் இருந்ததோ, அவர்கள் அதனை வழங்கவில்லை. பின்னர், வழங்காதவர்களே அதனைக் கேட்டார்கள்.

இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். சான்றொன்றை ஆக்கவும் மறுக்கவும் வல்லவன், அச்சான்று இல்லாமையை எதிராளியின் குறையாகக் கொள்ளல் அறமன்று. நிரூபிக்கும் சுமை, நிரூபிக்கும் கருவிகளைத் தன் கையில் வைத்திருப்பவனையே சாரவேண்டும். ஒருவன் மற்றொருவனின் கைகளைக் கட்டிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று அவனைக் குறை கூறுவானாயின் நாம் அதனை ஏற்போமா? கட்டியவன் இறந்திருக்கலாம், இன்று கரையில் நிற்பவன் அவனது பதவியில் அமர்ந்த வேறொருவனாக இருக்கலாம். கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

இது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தார்கள். தப்பியவர்களுள் பலர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ ஈராண்டுகளைக் கழித்த பின்னரே, 2016 ஒக்ரோபரில், புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. எங்கள் சப்ரகமுவ மாகாணத்திலேயே, 2016 மே 17 ஆம் திகதி, அரநாயக்க சாமசரமலைச் சரிவு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பானைத் தோட்டத்தில் லயத்துக் குடும்பங்கள் மண்ணில் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பின்னர் முற்றாக அழிந்த வீடுகளுக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தபோது, எங்கள் மக்கள் தொகையைப் பற்றிப் பேசுமுன் கேட்ட கேள்வி வேறு: 'லயம் வீடாகக் கணக்கெடுக்கப்படுமா?' என்பதே அது.

கரையோரத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியைக் காணலாம். 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளின் பின்னர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று விதிக்கப்பட்டது. உயிரைக் காக்கும் நோக்கில் எழுந்த விதி அது. ஆனால் மாற்றுக் காணி கிடைக்காத மீனவர் அவ்விதியாலேயே தற்காலிகக் கொட்டில்களில் நெடுநாள் தங்கினர். 2005 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. நல்ல நோக்கமுடைய விதியும், அதனால் பாதிக்கப்படுவோரின் நிலையை உசாவாது பிரயோகிக்கப்படும்போது, கொடிய விளைவைத் தரும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஜூடித் ஷ்க்ளார் என்ற அரசியற் சிந்தனையாளர், அநீதியின் முகங்களைப் பற்றி 1990 இல் வெளியிட்ட நூலில், துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் இடையிலான எல்லைக்கோட்டை ஆராய்ந்தார். அக்கோடு இயற்கை வரைந்ததன்று. பெரும்பாலும் அதிகாரமுடையோரே அதனை வரைகின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். தடுக்கவோ துடைக்கவோ வல்லவர்கள் வாளாவிருக்கும்போது, துரதிர்ஷ்டம் அநீதியாக மாறிவிடுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், மழை பெய்த நாள் துரதிர்ஷ்டத்தின் நாள். கடிதத்துக்கு மறுமொழி வராத ஒவ்வொரு மாதமும் அநீதியின் மாதம். தாமதம் என்பது தீர்மானம் இல்லாமையன்று. தகரத்தின் கீழ் இருப்பவள் இன்னும் அங்கேயே இருக்கட்டும் என்ற தீர்மானம் நாள்தோறும் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகிறது. அதற்குக் கையொப்பம் இல்லை என்பதே வேறுபாடு.

ஓர் உத்தியோகத்தர் இதற்கு மறுப்புக் கூறலாம். "நான் விதியை மீறி வீடு வழங்கினால் கணக்காய்வு என்னையே கேட்கும், தகுதியற்றவன் ஒருவன் பெற்றுவிட்டால் பழி என்மீது விழும்" என்பார் அவர். இவ்வச்சம் உண்மையானது. ஆயின் அவ்வச்சத்தின் அமைப்பைக் கவனிக்கவேண்டும். தகுதியற்றவனுக்குக் கொடுத்துவிட்டால் அது தவறாகப் பதியப்படுகிறது; தகுதியுடையவளுக்குக் கொடாதுவிட்டால் அது எந்தக் கோவையிலும் தவறாகப் பதியப்படுவதில்லை. முதலாவது பிழைக்குத் தண்டனை உண்டு. இரண்டாவது பிழைக்குப் பெயரே இல்லை. இரண்டு பிழைகளுள் ஒன்றை மட்டுமே காணும் கண்ணை நடுநிலையான கண் என்று எவ்வாறு கூறமுடியும்?

ஆகவே வேண்டப்படுவது விதியின் அழிவன்று, விதியின் திசைமாற்றம். தோட்டத்துச் செக்ரோலும் வாக்காளர் இடாப்பும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் ஒரு குடும்பம் தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்ததை உறுதிப்படுத்துகின்றன. அவையே போதிய சான்றாக ஏற்கப்படவேண்டும். அலுவலகங்களுக்கிடையே கடிதம் தேவைப்படின், அதனைச் சுமந்து செல்லவேண்டியவர் ஓர் உத்தியோகத்தரேயன்றி வீடிழந்த முதியவள் அல்லள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலவரையறை வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தகவல் கேட்பவனுக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்குமாறு அலுவலகங்களைப் பணிக்கிறது. ஒரு தாளைக் கேட்பவனுக்கு நாள் குறிக்க முடிந்த அரசால், ஒரு கூரையைக் கேட்பவனுக்கு நாள் குறிக்க முடியாதா?

இதுவரை பிறரைப் பற்றியே பேசினேன். முடிக்குமுன் என்னைப் பற்றியும் கூறவேண்டும். ஒரு நாள் ஒரு படிவத்தில் அம்மாயி கையொப்பமிட வேண்டியிருந்தது. அதில் அவரை விவரித்த இடத்தில், தோட்டத்தில் 'தாவகாலிக' வதிவாளர் என்று சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்பது அதன் பொருள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த லயத்தில் வாழ்ந்து, அந்த மலையில் கொழுந்து பறித்து, தம் கணவனை அத்தோட்டத்து மண்ணிலேயே அடக்கம் செய்தவர் அவர்.

"என்னா எழுதியிருக்கு, தம்பி?" என்று கேட்டார்.

"நாம இங்க இருக்கோம்னு எழுதியிருக்கு, அம்மாயி" என்றேன்.

அவர் தமிழில் கையொப்பமிட்டார். அவர் மனம் நோகக்கூடாது என்று எண்ணினேன்; வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களையும் எண்ணினேன்; பேருந்துக்கு நேரமாகிறது என்பதையும் எண்ணினேன். நான் எழுதாத சொல் அது. ஆகவே நான் தவறு செய்யவில்லை என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அவ்வாறே அந்தச் சங்கிலியின் மற்றக் கண்ணிகளும் நம்பியிருக்கவேண்டும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அந்தச் சொல்லை அவருக்குக் கூறியிருந்தால் அவர் கையொப்பமிட மறுத்திருப்பார். மறுத்திருந்தால் வேறு என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நான் அறியேன். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அறிந்து மறுக்கும் உரிமையை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் உறுதி. அவர் 2021 இல் அந்தக் கொட்டிலிலேயே காலமானார். மூன்று மாதங்களின் பின்னர், மேலும் ஒரு சான்றிதழை நேரில் வந்து சமர்ப்பிக்குமாறு அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது.

கலைப்பீடத்தில் பயிலும் நம்முள் பலர், பட்டம் பெற்றதும் அரச சேவைப் பரீட்சைகளுக்குத் தோற்றுவோம். சிலர் சித்தியடைவோம். அந்த மேசைகளுக்குப் பின்னால் நாளை அமரப்போவோர் வேற்று மனிதர் அல்லர், நாமே. அங்கே நமக்கு முன்னும் ஒரு முதியவள் பையுடன் வந்து நிற்பாள். விதிநூல் நம் கையில் இருக்கும். அதன்படி நாம் கூறுவது சரியாகவும் இருக்கும். "என் கடமையைச் செய்தேன்" என்று அன்று மாலை நாம் வீடு திரும்புவதில் எவரும் குறை காணமாட்டார். அவளும் திரும்புவாள், எங்கே திரும்புகிறாள் என்று கேட்பதையும் நம் கடமையுள் அடக்குகிறோமா என்பதே வினா.

எல்லாளனின் நோன்பால் மழை திருந்தியது என்ற கதையின் முடிவை நாம் நம்பவேண்டியதில்லை. நனைந்த அரிசியை ஏந்தி வந்தவளிடம் அவன் யாதொன்றையும் நிரூபிக்கச் சொல்லவில்லை என்பதை மட்டுமேனும் நாம் கற்றுக்கொள்ளலாம்.